லூர் ஒரு பக்கமா இழுக்குது: வளையத்தை வளைக்கிறதுக்கு முன்னாடி

மண்டபம் வடக்கு, 9 ஜனவரி 2025

16 செ.மீ. நீள லூர் (படகுக்குப் பின்னாடி இழுக்கிற பொய் மீன்), மூக்குக்குக் கீழ தகடு மாதிரி லிப் வச்சது, புதுசு. 5 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) வரைக்கும் நேரா வருது. 6 தாண்டினா வலது பக்கமா சாஞ்சு, மேல ஏறி, தண்ணிக்கு மேல புரண்டு அடிக்குது. அட்டையில இன்னும் ரொம்ப அதிக வேகம் தாங்கும்னு போட்டிருக்கு. தயாரிப்புக் கோளாறுன்னுதான் நினைக்கிறேன். லைன் மாட்டுற மூக்கு வளையத்தை வளைச்சா சரியாகும்னு சொல்றாங்க. எந்தப் பக்கம், எவ்வளவு?

தெற்குவாடி, 9 ஜனவரி 2025

கொறடைக் கீழ வைங்க தம்பி. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க.

லூர் மூக்குல என்ன மாட்டியிருக்கு? ஸ்னாப்பா (திறந்து மூடுற கொக்கி), ஸ்விவல் (சுழலி) சேர்ந்த ஸ்னாப்பா, நேரடி முடிச்சா? கம்பி போட்டிருந்தா எவ்வளவு நீளம், ஒத்தக் கம்பியா முறுக்குக் கம்பியா? பெட்டியில வந்த ட்ரெபிளேதான் (மூணு முனை முள்) இருக்கா, மாத்தியாச்சா? 6 நாட்டுங்கிறது ஜிபிஎஸ் காட்டின கணக்கா? புரண்ட பிறகு இழுத்துப் பார்த்தப்போ லிப்புல பாசி இருந்துச்சா?

மண்டபம் வடக்கு, 9 ஜனவரி 2025

ஸ்விவல் ஸ்னாப், பெரிய சைஸ். முறுக்குக் கம்பி ஒரு முழம். ட்ரெபிளை மாத்தி ஒத்த முள் போட்டிருக்கேன், மீனைக் கழட்ட லேசா இருக்குமேன்னு. வேகம் ஜிபிஎஸ்ல பார்த்தது. பாசி கவனிக்கல அண்ணே.

தெற்குவாடி, 10 ஜனவரி 2025

வளையத்தைத் தொடாமலே சரி பண்ண வேண்டியது நாலு இருக்கு உங்க லூர்ல. ஒவ்வொண்ணா வர்றேன்.

லிப் வச்ச லூர் ஆடுறது லிப்பு மேல படுற தண்ணியால. லிப் லூரைக் கீழ அமுக்குது, வளையம் முன்னாடி இழுக்குது, வயித்துல தொங்குற முள்ளோட கனம் அதை நிமிர்த்தி வைக்குது. இந்த மூணுல ஒண்ணு கெட்டாலும் ஒரு பக்கம் சாயும். பட்டத்துக்குச் சூத்திரம் போடுற மாதிரிதான்: கயிறு கட்டின இடம் ஒரு நூல் தள்ளினாலும் பட்டம் அந்தரத்துல சுத்தும், ஆனா வால் கழண்டு போன பட்டத்துக்குச் சூத்திரத்தை மாத்தி என்ன பிரயோசனம்.

ஸ்விவல்: மூக்குல நேரடியா கனமான ஸ்விவல் ஸ்னாப் மாட்டினா மூக்கு கனத்து ஆட்டம் மந்தமாகும். ஸ்விவலை லீடரோட (லூருக்கும் மெயின் லைனுக்கும் நடுவுல வர்ற துண்டு) அந்தப் பக்கம், மெயின் லைன் சேர்ற இடத்துக்குக் கொண்டு போங்க. லூர் மூக்குல வட்டமான வாய் உள்ள சின்ன ஸ்னாப் மட்டும் போதும். கூரான 'வி' வாய் ஸ்னாப் ஒரு ஓரத்துல போய்ச் சிக்கிக்கும், லூர் அந்தப் பக்கம் இழுக்கும்.

முடிச்சு: நேரடியாக் கட்டுறதா இருந்தா இறுக்கு முடிச்சு வேண்டாம். அது வளையத்துல நழுவி ஒரு பக்கமா உட்கார்ந்துடும். நகராத கண்ணி முடிச்சுப் போடுங்க, கண்ணி சுண்டுவிரல் நகம் அளவு இருந்தா லூர் தாராளமா ஆடும். லூர் ஒரு பக்கம் ஓடுதுன்னு சொல்றவங்க நிறையப் பேருக்கு முடிச்சை நடுவுக்குத் தள்ளினாலே சரியாயிடும்.

கம்பி: நெய்மீன் பல்லுக்குக் கம்பி இல்லாம முடியாது, ஒத்துக்கிறேன். 30 செ.மீ. போதும். விறைப்பான கம்பி லூரோட தலையைப் பிடிச்சு வச்சுக்கும், அதனால லூர் பக்கம் கண்ணி விட்டு முறுக்குங்க. கம்பியில ஒரு மடிப்பு விழுந்திருந்தா வெட்டிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க. மடிஞ்ச கம்பி சுக்கான் மாதிரி வேலை செய்யும், அறுந்தும் போகும்.

முள் பத்தித் தனியா எழுதணும். நாளைக்கு.

கீழக்கரை, 10 ஜனவரி 2025

முள் விஷயத்தை நான் சொல்றேன். ட்ரெபிளை எடுத்துட்டு ஒத்த முள் போடுறது தப்பில்ல, நானும் அதுக்குத்தான் ஆதரவு. ஆனா கனம் ஒத்துப் போகணும். நகைக்கடைக்காரங்க வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிக்கோங்க. பழைய ட்ரெபிளையும் அதை லூர்ல மாட்டுற ஸ்பிளிட் ரிங்கையும் சேர்த்து நிறுங்க. புது முள்ளு, ரிங்கு சேர்த்து அதே கனம் வரணும். அரை கிராம் முன்னப் பின்ன இருந்தா பரவாயில்ல. வயித்து ட்ரெபிள் 7 கிராம் இருந்த இடத்துல 4 கிராம் ஒத்த முள் தொங்கினா லூருக்கு அடிக்கனம் போச்சு. மெதுவா இழுக்கிறப்போ தெரியாது, வேகம் ஏறினதும் புரளும். தம்பி சொன்ன அறிகுறி அதுதான்: 5 வரைக்கும் நேரு, 6ல புரளல்.

வயித்துல கனம் குறைஞ்சா முள்ளு ஒரு சைஸ் பெருசு போடலாம், இல்லன்னா தடிச்ச ஸ்பிளிட் ரிங் போடலாம். வால் பக்கம் கனம் கூட்டவே கூடாது. வால் கனத்தா லூர் பின்னாடி தொங்கி, ஆட்டம் செத்துப் போகும்.

தெற்குவாடி, 11 ஜனவரி 2025

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதுல ஒரு வார்த்தை கூட மாத்த வேண்டியதில்ல. சேர்த்துச் சொல்ல ஒண்ணு உண்டு, முள்ளோட முகம். வயித்து முள் தொங்கவிட்டுப் பார்த்தா முனை லூரோட தலைப் பக்கம் பார்க்கணும். ஓடுறப்போ தண்ணி முள்ளைப் பின்னாடி தள்ளிடும், அப்ப முனை கீழ பார்த்து வெளிய நிக்கும். திருப்பி மாட்டினா முனை வயித்தோட ஒட்டிக்கும், மீன் கடிச்சாலும் ஏறாது. வால் முள் முனை மேல பார்க்கட்டும். பாருல (கடலடிப் பாறையில) உரசுறது குறையும்.

கண்ணு நேரா இருக்கிற ஒத்த முள்தான் வேணும், அதாவது கண்ணும் முனையும் ஒரே தளத்துல இருக்கிறது. சாதாரண முள்ளுல கண்ணு குறுக்க இருக்கும். அதை ஒரு ரிங்குல மாட்டினா பக்கவாட்டுல திரும்பி நிக்கும், லூர் அந்தப் பக்கம் சாயும். குறுக்குக் கண்ணு முள்ளுதான் கையில இருக்குன்னா ரெண்டு ரிங் கோர்த்து மாட்டணும். அப்ப கனமும் கூடும், வயித்து முள் வால் முள்ளை எட்டிப் பிடிக்காம இருக்கான்னும் பார்க்கணும்.

தொண்டி, 12 ஜனவரி 2025

பாக் நீரிணைப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் பாசிதான் முதல் சந்தேகம், மத்ததெல்லாம் பிறகு. வாடை அடிக்கிற மாசங்கள்ல கடல் தாழை கத்தை கத்தையா மிதக்குது. லிப் ஓரத்துல ஒரு இலை, விரல் நீளம் மாட்டினாப் போதும், லூர் அந்தப் பக்கமே இழுக்கும். ஒத்த இலைதானேன்னு விடக்கூடாது. முன்னாடி நேரா வந்த லூர் திடீர்னு ஒரு பக்கம் போனா 10க்கு 9 பாசி. முதல்லேர்ந்தே ஒரு பக்கம் போறதுதான் லூர்க் கோளாறு.

லைன்ல வர்ற பாசி சறுக்கி லூருக்கு வந்து சேராம இருக்க, லீடர் தொடங்குற இடத்துல ஸ்விவல் இருந்தா நல்லது. பாதி பாசி அங்கேயே நின்னுடும்.

தெற்குவாடி, 12 ஜனவரி 2025

அருமை. இதையே நான் முதல்ல எழுதியிருக்கணும்னு படுது, வரிசையில இதுதான் ஒண்ணாம் நம்பர்: பாசி, பிறகு முடிச்சு, பிறகு முள், பிறகு லிப், கடைசியா வளையம்.

தொண்டிக்காரர் இருக்கிறதால இன்னொண்ணு. பாக் நீரிணை ஆழம் குறைஞ்ச கடல். ராபாலா கம்பெனியோட எக்ஸ்-ராப் மேக்னம் 30 மாதிரி லூருல அந்த 30ங்கிறது அடிக்கணக்குல ஆழம், கிட்டத்தட்ட 9 மீட்டர். அதைத் தொண்டிக்கு வெளிய 6 மீட்டர் தண்ணியில இழுத்தா லிப் தரையைக் கிண்டிக்கிட்டே வரும், துள்ளும், ஒரு பக்கம் சாயும். லூர் மேல தப்பில்ல. பாக் பக்கம் 1 மீட்டர்லேர்ந்து 3 மீட்டர் இறங்குற லூர் போதும். ஊளி மீனும் கட்டா மீனும் அதுக்கே மேல வரும். மன்னார் வளைகுடாப் பக்கம் வெலங்க (கரையை விட்டு ஆழத்துக்கு) போனாத்தான் ஆழ லூருக்கு வேலை.

மண்டபம் வடக்கு, 14 ஜனவரி 2025

ஸ்னாப் மாத்தினேன். பழைய ட்ரெபிளையே திரும்பப் போட்டேன். இப்ப 7 நாட் வரைக்கும் புரளல. ஆனா இன்னும் லேசா வலது பக்கம் போகுது. படகுக்கு நேர் பின்னாடி வராம ஒரு பாகம் (ரெண்டு கையும் விரிச்ச நீளம்), ரெண்டு பாகம் தள்ளி வருது. இப்ப வளைக்கலாமா?

தெற்குவாடி, 15 ஜனவரி 2025

இன்னும் ரெண்டு பரிசோதனை. ரெண்டும் கரையில உட்கார்ந்து பண்றது.

ஒரு நூலை மூக்கு வளையத்துலேர்ந்து வால் வளையம் வரைக்கும் வயித்து வழியா இழுத்துப் பிடிங்க. வயித்து வளையம் நூலுக்கு அடியில சரியா நடுவுல வரணும். முள் தொங்குற வளையம் ஒரு பக்கம் திரும்பியிருந்தா முள்ளும் திரும்பித் தொங்கும். பெரிய பாறை மீன் ஒண்ணு முறுக்கியிருந்தா இது சகஜம். அதைக் கொறடால மெதுவா நேராக்கலாம்.

அடுத்து லிப். விளிம்புல விரலை ஓட்டுங்க. பாருல அடிச்சு ஒரு மூலை உடைஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் சமமா இல்லன்னு அர்த்தம். சின்னச் சில்லு போயிருந்தா மறு மூலையையும் அதே அளவு அரத்தால தேய்ச்சு, 400 நம்பர் உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்குங்க. 2 மி.மீ.க்கு மேல போச்சுன்னா அந்த லூரை மெது வேகத்துக்கு ஒதுக்கிடுங்க. லிப் உடம்போட சேர்ற இடத்துல வெள்ளைக் கோடு தெரியுதா? அது விரிசல். இழுவையில வளைஞ்சு கொடுக்கும், மெதுவா இழுத்தா நேரு, வேகத்துல சாய்வு. அதை வளையத்தால சரி பண்ண முடியாது.

காதுகிட்ட வச்சு ஆட்டியும் பாருங்க. உள்ள குண்டு சத்தம் இருக்கும், அது வேற. தண்ணி தளும்புற சத்தம் வந்தா பல் இறங்கின ஓட்டை எங்கயோ இருக்கு. தண்ணி போன லூர் எந்தப் பக்கம் தண்ணி இருக்கோ அந்தப் பக்கம் சாயும், நிமிஷத்துக்கு நிமிஷம் மாத்திச் சாயும். ஓட்டை கீழ பார்க்கிற மாதிரி நிழல்ல ரெண்டு மூணு நாள் வச்சு, கனம் பழையபடி வந்ததும் அரால்டைட் வச்சு அடைங்க. அடைச்ச பிறகு வெயில்ல காய வைக்காதீங்க, உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு ஒட்டு விட்டுடும்.

தெற்குவாடி, 15 ஜனவரி 2025, இரவு

எல்லாம் சரியா இருந்தா வளைக்கலாம். எந்தப் பக்கம்ங்கிறதுலதான் எல்லாரும் குழம்புறது, அதனால கொஞ்சம் நீட்டமா எழுதுறேன்.

விதி ஒண்ணுதான்: லூர் எந்தப் பக்கம் போகணும்னு நினைக்கிறீங்களோ அந்தப் பக்கம் வளையத்தை வளைக்கணும். வலது பக்கம் ஓடுனா இடது பக்கம் வளை. ஆனா யாரோட வலது? படகுலேர்ந்து பின்னாடி பார்க்கிறப்போ லூரோட மூக்கு உங்களைப் பார்த்து வருது. அதே லூரைக் கையில எடுத்ததும் பாதிப் பேர் வாலைத் தன் பக்கம் வச்சுப் பிடிக்கிறாங்க, இடம் வலம் மாறிப்போச்சு. இன்னும் சில பேர் லிப்பைப் பார்க்கிறதுக்காக வயித்தை மேல திருப்பிடுறாங்க, மறுபடியும் மாறிப்போச்சு. அதனால மூக்கு உங்களைப் பார்த்து, முதுகு மேல, வயிறு கீழ. தண்ணியில பார்த்த மாதிரியே கையிலயும் பிடிங்க. பார்த்தது வலது பக்கம்னா உங்க இடது கைப் பக்கம் வளைங்க.

படகுக்குப் பக்கத்துல ஓட்டிப் பார்க்கிறவங்களுக்கு இன்னும் லேசு. லூரைப் படகு போற திசைக்கே மூக்கை வச்சுப் பிடிங்க. வெளிய விலகிப் போனா வளையத்தைப் படகுப் பக்கமா, படகோட வந்து உரசினா வளையத்தை வெளிப்பக்கமா.

எவ்வளவு? வளையக் கம்பியோட தடிப்புல பாதி. கண்ணுக்கு வளைஞ்சது தெரிஞ்சாலே அதிகம். வளையத்தை முறுக்கக் கூடாது, அப்படியே முழுசாப் பக்கவாட்டுல சாய்க்கணும். சிலதுல வளையம் திருகாணி மாதிரி மூக்குல ஏறியிருக்கும். அதைத் திருகினா ஒட்டு விட்டு அந்த வழியா தண்ணி போகும். லிப்புலயே வளையம் பதிச்ச லூருன்னா லிப்பைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சுத் தாங்கிப் பிடிச்சுட்டு வளைங்க. தாங்கல் இல்லாம வளைச்சா லிப் விரியும்.

வளைச்சதும் தண்ணியில போட்டுப் பாருங்க. போதலன்னா இன்னும் ஒரு பாதி. அதிகமாயிட்டா திரும்ப இந்தப் பக்கம். ஆனா ஒரே கம்பியை அங்கயும் இங்கயும் வளைச்சுக்கிட்டே இருந்தா கம்பி களைச்சு வெடிக்கும். அப்படி வெடிக்கிறது பெரிய மீன் பிடிச்ச நேரத்துலதான் தெரியும். அதுக்காகத்தான் வளைக்கிறதைக் கடைசியில வச்சேன்.

மூக்கையூர், 16 ஜனவரி 2025

அண்ணே, ஓட்டிப் பார்க்கிற முறையையும் எழுதிடுங்க. நிறையப் பேர் 30 மீட்டர் பின்னாடி விட்டுட்டு ராட் (தூண்டில் கம்பு) ஆடுதா இல்லையான்னு மட்டும் பார்க்கிறாங்க.

தெற்குவாடி, 17 ஜனவரி 2025

லீடர் 2 மீட்டர் மட்டும் விட்டு, ராடைப் படகுக்கு வெளிய பக்கவாட்டுல நீட்டி, தெளிஞ்ச தண்ணியில லூரைப் பிடிங்க. மெஷினுக்கு நேர் பின்னாடி வர்ற வெள்ளை நுரையில வேண்டாம். நுரையில காத்து கலந்திருக்கு, லிப்புக்குப் பிடிமானம் இருக்காது, நல்ல லூரும் தடுமாறும்.

3 நாட்டுல தொடங்குங்க. மூக்கு கீழ குத்தி, வால் ரெண்டு பக்கமும் சமமா அடிக்கணும். முதுகைப் பாருங்க: இடமும் வலமும் ஒரே அளவு சாயணும். ஒரு பக்கம் கூடச் சாஞ்சா அது இன்னும் ஓடத் தொடங்கல, ஆனா வேகத்துல ஓடப் போறது அந்தப் பக்கம்தான். அரை அரை நாட்டா ஏத்துங்க. ஒவ்வொரு வேகத்துலயும் பத்து எண்ணுற வரைக்கும் நிறுத்திப் பாருங்க. உங்க ஓட்ட வேகத்துக்கு மேல ஒரு நாட் வரைக்கும் நேரா வந்தா போதும். 6ல இழுக்கப் போறவங்க 7ல பார்க்கணும், காரணம் படகு திரும்புறப்போ வெளிப்பக்க லூர் வேகம் கூடும். நேர் ஓட்டத்துல சரியா வந்து திருப்பத்துல மட்டும் வெளிப்பக்க லூர் மேல வந்து புரண்டா லூருக்குக் கோளாறு இல்ல, அது தாங்குற வேகம் அவ்வளவுதான். திருப்பத்தை அகலமா எடுங்க.

கரையில ஜெட்டியோரம் கையில பிடிச்சு நடந்து இழுக்கிறதும் உதவும், ஆனா வேக நடை மணிக்கு 5 கி.மீ.ன்னா அது 2.7 நாட்தான். பெரிய கோளாறு மட்டும் தெரியும். வேகத்துல புரள்றது அங்க தெரியாது.

ராபாலா கம்பெனி 1936ல ஃபின்லாந்துல லாரி ராபாலா கார்க்கைச் செதுக்கித் தொடங்கினது. அந்தக் கம்பெனி லூரைப் பெட்டியில போடுறதுக்கு முன்னாடி தொட்டியில நீந்தவிட்டுச் சரி பார்க்கிறதைப் பெருமையாச் சொல்லும். நம்ம ஆளுங்க வாங்கின உடனே முள்ளை மாத்தி, கம்பி கோர்த்து, ஸ்விவல் மாட்டிடுறோம். அவங்க சரி பார்த்தது வேற லூர், நாம தண்ணியில விடுறது வேற லூர். முள் மாத்தின ஒவ்வொரு தடவையும் திரும்ப ஓட்டிப் பார்க்கணும்னு நான் அடிச்சுச் சொல்றது அதனாலதான்.

மண்டபம் வடக்கு, 20 ஜனவரி 2025

வளைச்சாச்சு, நேரா வருது. ஆனா ஒரு சந்தேகம். பாம்பன் பக்கத்துக் குந்துகாலுக்குத் தெற்க போறப்போ 6 நாட்டுல நல்லா வருது. அதே 6 நாட்டுல திரும்பி வர்றப்போ புரளுது. லூர் ஒண்ணு, வேகம் ஒண்ணு.

தெற்குவாடி, 20 ஜனவரி 2025

வேகம் ஒண்ணு இல்ல தம்பி. ஜிபிஎஸ் காட்டுறது தரைக்கு மேல உள்ள வேகம். லூருக்குத் தெரியறது தண்ணியோட வேகம் மட்டும். இப்ப வாடைக் காலம், பாம்பன் கால்வாய் வழியா நீவாடு (கடல் நீரோட்டம்) பாக் பக்கத்துலேர்ந்து மன்னார் பக்கம் இறங்குது. நீவாடு 1.5 நாட் இருக்குன்னு வைங்க. தெற்க கூடவே போறப்போ ஜிபிஎஸ் 6ன்னா லூருக்கு 4.5. எதிர்த்து வர்றப்போ ஜிபிஎஸ் 6ன்னா லூருக்கு 7.5. நடுவுல 3 நாட் வித்தியாசம். புரளாம என்ன செய்யும்.

ரெண்டு திசையிலயும் ஒரே மாதிரி ராட் முனை துடிக்கிற வேகத்துக்கு மெஷினைக் குறைங்க, கூட்டுங்க. நல்லா ஓடுற லூர் முனையில சீராத் துடிக்கும். துடிப்பு திடீர்னு நின்னு கனம் மட்டும் இருந்தா பாசி. துடிப்பும் கனமும் சேர்ந்து போச்சுன்னா லூர் மேல வந்துடுச்சு. கைக்கயிறுல இழுக்கிறவங்களுக்கு விரல்ல இதைவிடத் தெளிவாத் தெரியும்.

கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்துல நீவாடு மறுபக்கம் திரும்பும், கணக்கையும் திருப்பிக்கோங்க.

கீழக்கரை, 22 ஜனவரி 2025

குந்துகால் பேச்சு வந்ததால. குருசடை, முயல் தீவுன்னு தீவோரத்துல ஊளி கிடக்குதுன்னு கிட்டப் போகாதீங்க. மன்னார் வளைகுடாவோட 21 தீவும் சுத்தியுள்ள கடலும் 1986லேர்ந்து தேசியப் பூங்கா. உள்ள தூண்டில் போடக் கூடாது. ஓட்டிப் பார்க்கிறதையும் எல்லைக்கு வெளியவே வச்சுக்கோங்க. மண்டபம் வடக்குப் பக்கம் பாசி வளர்க்கிற மூங்கில் மிதவைங்க 12க்கு 12 அடியில வரிசையாக் கிடக்கும், அதுல லூர் மாட்டினா லூரும் போகும், அந்தக் குடும்பத்தோட உழைப்பும் போகும்.

மூக்கையூர், 3 பிப்ரவரி 2025

லிப் இல்லாத லூர் பத்தி யாரும் பேசல. ரப்பர் பாவாடை கட்டின லூருக்கு என்ன வழி? தளப்பத்து மீனுக்கும் சூரை மீனுக்கும் வெலங்க அதுதானே. எனக்கு ஒண்ணு துள்ளித் துள்ளி வெளிய விழுது, இன்னொண்ணு சுத்துது.

தெற்குவாடி, 4 பிப்ரவரி 2025

இதுல வளைக்க வளையமே இல்ல. தலையோட வெட்டு, முள்ளோட கனம், லைனோட உயரம், அலையில வைக்கிற இடம், இந்த நாலுதான் கையில இருக்கிறது.

துள்ளி விழுறதுக்கு: லைன் தண்ணியில நுழையிற கோணம் செங்குத்தா இருக்கு. ராட் முனையை இறக்குங்க, இல்ல லூரைப் பின்னாடி விடுங்க. படகுக்குப் பின்னாடி எழுற அலைகள்ல ஒண்ணோட முன்முகத்துல, படகைப் பார்த்த சரிவுல லூர் இருக்கணும். அலையோட பின்முகத்துல விழுந்தா வெளிய குதிக்கும். சரியா வர்ற லூர் மேல வந்து காத்தை விழுங்கி, உள்ள போய்ப் புகை மாதிரி நுரைக்கோடு விட்டு, ஒரு ஆட்டம் ஆடி, திரும்ப மேல வரும். 7லேர்ந்து 9 நாட் இதுக்கு வசதி. கடல் கொந்தளிச்சா ஒரு நாட் குறைங்க.

சுத்துறதுக்கு: பாவாடைதான் முதல் ஆள். வெயில்ல கிடந்து மடிஞ்ச ரப்பர், ஒரு பக்கம் ஒட்டிக்கிட்ட இழை, கட்டு ஒரு பக்கம் தடிச்சுப் போனது. இழையெல்லாம் சுத்திலும் ஒரே நீளமா இருக்கணும். பிறகு தலையில லீடர் போற துளை. உப்பும் லீடரும் உரசித் துளை ஒரு பக்கம் தேஞ்சிருந்தா இழுவை நடுவுல வராது. சாய்வா வெட்டின தலையில முள்ளோட கனம்தான் அடிக்கனம். முள் ரொம்பச் சின்னதா இருந்தா சுத்தத்தான் செய்யும். லீடர் மடிஞ்சிருந்தாலும் சுத்தும்.

எது எப்படின்னாலும் பால் பேரிங் ஸ்விவல் ஒண்ணு லைன்ல வேணும். சாதா ஸ்விவல் இழுவையில சுத்தாது.

தொண்டி, 5 பிப்ரவரி 2025

ஸ்பூனுக்கும் (கரண்டி மாதிரி வளைஞ்ச தகட்டு லூர்) ரெண்டு வரி. வளைவு கூடினா மெது வேகத்துலயே அகலமா ஆடும், வேகத்துல சுழலத் தொடங்கும். தட்டையானது வேகம் கேட்கும். ஆடணும், சுழலக் கூடாது. சுழன்றா அரை நாட் குறைச்சுப் பாருங்க. அப்பவும் சுழன்றா கட்டை மேல வச்சு வளைவை ஒரு நூல் தட்டையாக்குங்க. நடுவுல மட்டும் அமுக்கினா மடிப்பு விழும், நீளவாக்குல பரவலா அமுக்கணும்.

மண்டபம் வடக்கு, 11 பிப்ரவரி 2025

ஒரு இடத்துல படிச்சேன்: இடது பக்க லூரை வேணும்னே லேசா இடது பக்கம் ஓடுற மாதிரியும், வலது பக்க லூரை வலது பக்கம் ஓடுற மாதிரியும் வளைச்சு வச்சா லைன் சிக்காதாம். வெளிக்கம்பு (லைனைப் பக்கத்துக்கு விலக்கிப் பிடிக்கிற கழி) இல்லாத பைபர் படகுக்கு நல்ல யோசனையாப் படுது.

தெற்குவாடி, 11 பிப்ரவரி 2025

வேண்டாம். நேரா ஓடுற லூர்தான் அதிக வேகம் தாங்கும். ஒரு பக்கம் சாய வச்ச லூர் அந்தத் தாங்குற அளவுல பாதியை அப்பவே இழந்துடுச்சு.

தெற்குவாடி, 13 பிப்ரவரி 2025

மேல வேண்டாம்னு ஒரே வார்த்தையில முடிச்சது கொஞ்சம் கடுமை. பாக் பக்கம் அலை இல்லாத காலை நேரத்துல, 3லேர்ந்து 4 நாட்டுல, சின்ன லூருங்களை 15 மீட்டர்ல இழுக்கிறப்போ அந்த வழி பிழைக்கும். அந்த வேகத்துல மிச்சம் தாராளமா இருக்கு. மன்னார் பக்கம் 6 நாட்டுல, பக்க அலையில செய்யாதீங்க. அங்க சிக்காம இருக்க ஆழத்தையும் நீளத்தையும் பிரிங்க: ஆழம் போற லூர் கிட்டக்க, 20 மீட்டர்ல. மேலாப்புல வர்றது தூரத்துல, 35லேர்ந்து 40 மீட்டர்ல. திரும்புறப்போ ஒண்ணு கீழயும் ஒண்ணு மேலயும் தாண்டிப் போயிடும்.

ஒரு பக்கம் வளைச்சு வச்ச லூரை அடுத்த தடவை எந்தப் பக்கத்துக்குன்னு மறந்து மாட்டுற ஆபத்தும் இருக்கு. செய்யிறவங்க லிப்புல பெயிண்ட் புள்ளி வச்சுக்கோங்க.

கீழக்கரை, 14 பிப்ரவரி 2025

லைன் தடிப்பையும் சேர்த்துக்கோங்க. தடிச்ச தங்கூசி (நைலான் நரம்பு) தண்ணியில மேல தூக்கும், அட்டையில சொன்ன ஆழம் வராது. மெல்லிய பிரெய்டுல (பின்னல் லைன்) அதே லூர் கூட ஆழம் போகும், ஆனா பிரெய்டு நீளாது, அடிக்கிற அடி நேரா ரிங்குக்கும் முள்ளுக்கும் போகும். ரீல்ல லைனை இறுக்கிப் பிடிக்கிற டிராகை ஒரு சுத்து இளக்கி வச்சுட்டு, 80 பவுண்டு தங்கூசி லீடர் 3 மீட்டர் போட்டா அடி கொஞ்சம் தாங்கும்.

மண்டபம் வடக்கு, 2 மார்ச் 2025

கடைசியா ஒண்ணு காக்கா, அண்ணே. ஒத்த முள்ளுக்கே திரும்பப் போகணும்னு ஆசை. தராசு வாங்கியாச்சு. வயித்து ட்ரெபிளும் ரிங்கும் சேர்ந்து 8.2 கிராம். என்கிட்ட இருக்கிற பெரிய ஒத்த முள்ளு ரிங்கோட 6.1. அதுக்கு மேல சைஸ் போட்டா வால் முள்ளோட மாட்டுது.

கீழக்கரை, 2 மார்ச் 2025

2.1 கிராம் குறையுது. தடிச்ச ரிங்குல ஒரு அரை கிராம் கிடைக்கும். மிச்சத்துக்கு, வண்டிச் சக்கரம் பேலன்ஸ் பண்ண ஒட்டுற ஈயத்துல சின்னத் துண்டு வெட்டி, வயித்து வளையத்துக்கு ஒட்டி முன்னாடி, நடுக்கோட்டுல வச்சு ஒட்டுங்க. அதோட பசை கடல் தண்ணிக்குத் தாங்காது, சுரண்டிட்டு அரால்டைட் போடுங்க.

தெற்குவாடி, 3 மார்ச் 2025

ஒட்டுறதுக்கு முன்னாடி மின்சார டேப் சுத்தி ஓட்டிப் பாருங்க தம்பி. துண்டு அரை செ.மீ. முன்னாடி போனா மூக்கு கூடக் குத்தும், பின்னாடி போனா வால் மந்தமாகும். இடம் சரியா அமைஞ்ச பிறகு பென்சில்ல கோடு போட்டு, அந்த இடத்தை உப்புத்தாளால சொரசொரப்பாக்கி, அப்புறம் ஒட்டுங்க. ஒட்டினது ஒரு நாள் முழுக்கக் காயட்டும். காஞ்சதும் நூலை இழுத்துப் பிடிச்சு நடுக்கோட்டை இன்னொரு தரம் பார்த்துடுங்க, ஈயம் 2 மி.மீ. விலகினாலும் வளையத்துக்குத்தான் திரும்ப வேலை வைக்கும்.